அடிவாரத்துக்கு ஒன்பது மைல்

நான் அம்மை குத்துகிற உத்தியோகத்தில் இருந்தவன். நான் ஊருக்குள் நுழைந்தால் பெண்கள் குழந்தைகளைக் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, "வூட்ல யாரும் இல்லீங்க" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார்கள். அதெல்லாம் எனக்குப் பழகிப்போயிருந்தது. என்னைத் தேடிக்கொண்டு யாரும் வந்ததில்லை. ஒரே ஒருவர்தான் வந்தார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சித்திரைக் கடைசியில் ஒரு நாள் காலை, அரூரில் நான் குடியிருந்த வீட்டு வாசலில் அவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய வேட்டி, தோளில் ஒரு பழைய கம்பளி, காலில் ஒன்றும் இல்லை. சித்தேரி மலையில் சாமையும் ராகியும் விதைத்துப் பிழைக்கிறவர்.

"மலையில ஆத்தா வெளையாடுறாங்க சாமி" என்றார். "அஞ்சு புள்ளைங்க போயிருச்சு. அதுல ஒண்ணு எம்பையன்."

முந்தின வருஷங்களில் இரண்டு தடவை நான் அந்த மலைக்கு ஏறிப் போயிருக்கிறேன். குத்தினால் மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்று சொல்லி இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படித் திருப்பி அனுப்பியவர்களில் இவரும் ஒருவர். எனக்கு முகம் ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும். 

"இன்னும் ஒரு பொண்ணு இருக்குதுங்க. ஆறு வயசு. பையனுக்குக் காச்சல் கண்ட அன்னிக்கே அதத் தூக்கிட்டுப் போயி எந்தங்கச்சியோட காட்டுக் கொட்டாய்ல வுட்டுட்டேன். ஊர்ல எல்லாருகிட்டயும் பேசிட்டேனுங்க. இந்தத் தடவ யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. வந்து குத்துங்க."

அன்றைக்கே சென்னைக்குத் தந்தி கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை மொரப்பூருக்கு ரயிலில் அம்மைப்பால் வந்துவிடும். மலை ஏறி வீடு வீடாகப் போக நேரமில்லை. குழந்தைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு அடிவாரத்துப் புளியந்தோப்புக்கு உச்சிப்பொழுதுக்குள் இறங்கி வந்துவிடச் சொல் என்று அவரிடம் சொன்னேன். அவர் மலையேறிப் போய்ச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் விடிகாலையில் மறுபடி என் வாசலில் நின்றார்.

"கூடவே வந்துடறேனுங்க. வழி காட்டணுமில்ல" என்றார்.

வழி எனக்குத் தெரியும். நான் வராமல் இருந்துவிடுவேனோ என்று அவருக்குப் பயம்.

அவரை நான் 'நீ' என்றுதான் பேசினேன். உத்தியோகத்தில் இருந்தவர்கள் மலைக்காரர்களிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். என்னைவிட அவர் பத்து வயதாவது மூத்தவர்.

அரூரில் ஒரு மண்டிக்காரர் தன்னுடைய பழைய பிளஷர் காரை அந்த ஒரு நாளைக்குக் கொடுத்தார். டிரைவர் ஓசூர்ப் பக்கத்து ஆள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், வண்டி வேலையில் கெட்டிக்காரர். புறப்படும்போதே அவர் சொன்னார்: "சார், நாலு சக்கரமும் ஒட்டுப் போட்டது. ஸ்டெப்னி அதவிட மோசம். புது டயருக்கு எழுதிப் போட்டு எட்டு மாசம் ஆச்சு. இருக்கறதெல்லாம் பட்டாளத்துக்குப் போவுது." அந்த வருஷங்களில் எல்லா வண்டியும் அப்படித்தான் ஓடிற்று. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மொரப்பூர் ஸ்டேஷனில் பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தேன். முன்பெல்லாம் பாலை தெர்மாஸில் வைத்து அனுப்புவார்கள். உடைந்த தெர்மாஸுக்கு மாற்று கிடைக்காத காலம் என்பதால் மரப்பெட்டிக்குள் தகரப்பெட்டி வைத்து, நடுவில் மரத்தூள் திணித்து, உள்ளே ஐஸ் போட்டிருந்தார்கள். பால் இருப்பது மெல்லிய கண்ணாடிக் குழாய்களில். இரண்டு முனையும் மூடியிருக்கும். வழியிலேயே ஐஸில் பாதி போயிருந்தது. ஆனாலும் அடிவாரம் போய்ச் சேர அது போதும்.

காரில் போகும்போது அவருக்கு எல்லாம் விளக்கிச் சொன்னேன். கன்றுக்குட்டியிலிருந்து எடுக்கிற பால் இது, சூடு பட்டால் செத்துவிடும், செத்தாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும், அதனால் ஐஸ் கரைந்துவிட்டால் குத்தக்கூடாது, திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று. என் படிப்பைக் காட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

அரூரைத் தாண்டி மண் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் பின்பக்கம் இடது சக்கரம் இறங்கிவிட்டது. மணி பத்து இருக்கும். அடிவாரத்துக்கு இன்னும் ஒன்பது மைல்.

கத்திரி வெயில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மரம் மட்டை இல்லாத அந்த வெட்டவெளியில் அன்றைக்கு அடித்ததை வெயில் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காற்று அடுப்புக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. மூக்குக்குள் காய்ந்து எரிந்தது. கார் கதவில் கையை வைக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் கற்றாழையும் கருவேல முள்ளும்தான். ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக்கூட எங்கும் நிழல் இல்லை.

டிரைவர் குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். "மாட்டு லாடத்து ஆணி" என்று பிடுங்கிக் காட்டினார். "அரை மணி நேரம் சார். ஸ்டெப்னிய மாட்டிடலாம்."

ஜாக்கியை வைத்துச் சுழற்றினால் வண்டி எழும்பவில்லை. ஜாக்கிதான் புழுதிக்குள் இறங்கியது. மலைக்காரர் ஓடிப்போய் ஒரு பலகைக்கல்லைப் புரட்டி எடுத்து வந்தார். கல்லை வைத்துத் தூக்கினோம். ஸ்பானரைத் துண்டால் சுற்றிப் பிடித்தும் டிரைவருக்குக் கை பொரிந்தது. மூன்று நட்டு கழன்றது. நாலாவது அசையவில்லை. கடைசியில் மலைக்காரர் ஸ்பானர் பிடிமேல் ஏறி நின்று, காரின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதும் விழும்படி குதித்தார். நாலைந்து தடவை குதித்தபிறகு அது கிரீச்சிட்டுக்கொண்டு திரும்பிற்று. அவருடைய உள்ளங்காலில் ஸ்பானரின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது.

நான் பெட்டியைக் காருக்கு அடியில் இருந்த நிழலில் வைத்திருந்தேன். தரையே கொதித்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதும் வெயில் பட்டது. வேட்டியை அவிழ்த்துப் பெட்டியைச் சுற்றலாமா என்றுகூட நினைத்தேன்.

ஸ்டெப்னி மாட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளேயிருந்த கித்தான் வெளியே தெரிகிற டயர் அது. ஒரு மைல்கூட ஓடவில்லை. பட்டாசு வெடித்த மாதிரி வெடித்துக் கிழிந்தது.

டிரைவர் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கினார். இனி முதல் டயரைப் பிரித்து, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, திரும்ப மாட்டுவது ஒன்றுதான் வழி. இரும்புப் பட்டைகளால் நெம்பி டயரைப் பிரித்தார். டியூபை அரத்தால் தேய்த்து, சொலூஷன் தடவி, ஒட்டை வைத்து அழுத்தினார். பம்பு அடித்தோம். ஒட்டின துண்டு மெல்ல எழும்பி, தோல் உரிவதுபோல உரிந்து வந்துவிட்டது.

"டியூபு கொதிக்குது சார். சூட்டுல சொலூஷன் பிடிக்க மாட்டேங்குது" என்றார்.

இரண்டாம் தடவையும் அப்படியே ஆயிற்று. அப்போதுதான் மலைக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாமி, பெட்டிய எங்கிட்டக் குடுங்க. கம்பளியில சுத்தித் தலைல வச்சிக்கிட்டு நான் ஓடறேன். எட்டு மைலுதானே. எனக்கு இது ஒரு தூரமே இல்லீங்க. வண்டி ஆனதும் நீங்க வாங்க. ஆவலேன்னா நடந்தாவது வந்துருங்க. அங்க கெணத்துக்குள்ள எறக்கி வச்சேன்னா குளுர்ச்சியா இருக்கும்."

இதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது மணி பன்னிரண்டு ஆகவில்லை. பெட்டியில் இரண்டு கை நிறைய ஐஸ் இருந்தது. அவர் ஓடியிருந்தால் ஒன்றரை மணிக்குள் போயிருப்பார்.

"அதெல்லாம் முடியாது" என்றேன். "பால் என் கையை விட்டுப் போகக்கூடாது. சட்டம்."

சட்டம் அப்படி இருந்தது உண்மைதான். அவர் கீழே போட்டு உடைத்துவிட்டால் நான் பதில் சொல்ல வேண்டும் என்பதும் உண்மை. அதற்கும் மேலே ஒன்று இருந்தது. அவரிடம் பெட்டியைக் கொடுத்தால் நானும் கூடவே நடக்க வேண்டியிருக்கும். அந்த வெயிலில் எட்டு மைல் நடக்க எனக்குத் தைரியம் இல்லை. டிரைவர் "இதோ ஆயிடுச்சு சார், இன்னும் பத்து நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அந்தப் பத்து நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் போய் பம்பைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது ஒட்டுக்கு முன்னால் டிரைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கொஞ்சம் ஐஸ் குடுத்தீங்கன்னா டியூபு குளுந்துடும் சார். ஒட்டு பிடிச்சுக்கும். இல்லாட்டி சாயங்காலம் வரைக்கும் இப்படியேதான்."

கொடுக்காவிட்டாலும் ஐஸ் கரையத்தான் போகிறது. கொடுத்தால் வண்டியாவது ஓடும் என்று கணக்குப் போட்டேன். ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். துணியில் கட்டி டியூபின் மேல் வைத்தார். அது இருந்த இடம் தெரியாமல் கரைந்தது. இன்னொரு கை கொடுத்தேன். ஒட்டு பிடித்தது. மூவரும் மாறி மாறிப் பம்பு அடித்தோம். சக்கரத்தை மாட்டி, ஏறி உட்கார்ந்து, ஒரு மைல் போனோம். மறுபடியும் இறங்கிவிட்டது.

டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு நாலடி நடந்து போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. மலைக்காரர் தன் சுரைக்குடுவையில் மிச்சம் இருந்த தண்ணீரை அவர் தலையில் கொஞ்சம் விட்டு, மீதியைக் குடிக்க வைத்தார். கம்பளியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு டிரைவருக்கு நிழலாக வெகுநேரம் நின்றார். எங்களுக்கு இனிக் குடிக்கத் தண்ணீர் இல்லை.

நான் பெட்டியைத் திறந்து கையை விட்டேன். வெந்நீர் என்று சொல்ல முடியாது. குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த தண்ணீர்போல இருந்தது. கண்ணாடிக் குழாய்கள் அதில் மிதந்தன. மூடிவிட்டேன். இனி நடந்தாலும் ஓடினாலும் ஒன்றுதான். அதை இருவரிடமும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குப் பிறகு வடக்கே தீர்த்தமலைப் பக்கம் வானம் கறுத்தது. முதலில் காற்று வந்தது. புழுதி சுவர்போல எழும்பி வந்து எங்களை மூடியது. அதற்குப் பின்னாலேயே பொட்டுப் பொட்டென்று கல் விழுகிற சத்தம். ஆலங்கட்டி மழை. கார் கூரையில் விழுந்தது பறையடிக்கிற மாதிரி இருந்தது. நெல்லிக்காய் அளவு, சில எலுமிச்சை அளவு. டிரைவர் காருக்குள் சுருண்டுகொண்டார். மலைக்காரர் மட்டும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார். கம்பளியின் ஒரு முனையில் ஆலங்கட்டியைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வந்தார். தோளிலும் முதுகிலும் அடிபட்டுத் தடித்திருந்தது. மூச்சிரைக்க என்னிடம் நீட்டினார்.

"ஐஸுங்க சாமி. போடுங்க."

அவர் முகத்தில் அன்றுதான் முதல் தடவையாக ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். நான் தகரப்பெட்டியில் இருந்த தண்ணீரை அவர் பார்க்காதபடி கீழே சாய்த்துவிட்டு, ஆலங்கட்டியை நிரப்பினேன். பிறகு நானும் இறங்கிப் பொறுக்கினேன். 

மழை நின்றதும் டியூபு சில்லென்று குளிர்ந்திருந்தது. டிரைவர் நடுங்கிக்கொண்டே நாலாவது தடவை ஒட்டுப் போட்டார். ஜாக்கி சேற்றில் வழுக்கியது; மலைக்காரர் தோளைக் கொடுத்து வண்டியைத் தாங்கினார். இந்தத் தடவை ஒட்டு பிடித்துக்கொண்டது. மிச்ச வழி முழுவதும் அந்தச் சக்கரம் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.

அடிவாரம் போய்ச் சேரும்போது ஐந்து மணி. புளியந்தோப்பில் நாற்பது குழந்தைகளுக்கு மேல் இருந்தார்கள். காலையிலிருந்து காத்திருந்தவர்கள். ஆலங்கட்டிக்குக்கூடக் கலையவில்லை, குழந்தைகளை மரத்தடியில் நடுவில் உட்காரவைத்துப் பெரியவர்கள் சுற்றி நின்றிருக்கிறார்கள். நான் பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பளபளவென்று இருந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தா மனசு குளுந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மலைக்காரர் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "ஐஸு கரைஞ்சா பாலு செத்துரும்னு சொன்னீங்களே சாமி. அந்த டியூபுக்கு வேற எடுத்தோம். ஒண்ணும் ஆயிருக்காதுங்களே?"

அந்த ஒரு கணத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இவர்கள் எல்லோரும் மலையேறிப் போய்விடுவார்கள். இனி எந்தக் காலத்திலும் இறங்கி வரமாட்டார்கள். இவ்வளவு பேரைக் கூட்டி வந்த மனிதர் ஊரில் தலைகாட்ட முடியாது என்றெல்லாம் எனக்குள் ஓடிற்று. இதெல்லாம் பிறகு நானாகச் சேர்த்துக்கொண்ட காரணமோ என்னவோ. எனக்குக் களைப்பாக இருந்தது. அவ்வளவு கஷ்டப்பட்டு வந்து சேர்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப முடியவில்லை.

"அதான் ஆலங்கட்டி போட்டோமில்ல" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய், தன் பெண்ணைத்தான் முதலில் கொண்டுவந்து உட்காரவைத்தார். சட்டை இல்லாத மெலிந்த கை. ஊசி பட்டபோது அழவில்லை. பெட்டிக்குள் இருந்த ஐஸையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன். இருட்டுவதற்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் குத்தி முடித்தேன்.

குத்தியபின் வழக்கமாக ஒன்று சொல்வேன்: எட்டாம் நாள் குத்தின இடம் பொங்கும், அது பொங்கும்வரை நோய் கண்ட வீட்டுக்குள் போகாதீர்கள் என்று. அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. பொங்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

"இனிமே புள்ளைய வூட்டுக்குக் கூட்டியாந்துரலாங்களா?" என்று அவர் கேட்டார். ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்த நான் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினேன். ஆபீஸ் புத்தகத்தில் 'பால் ஐஸோடு வந்தது' என்று எழுதினேன்.

எட்டாம் நாள் புதுப் பாலோடு நான் மலை ஏறினேன். இந்தத் தடவை காருக்குக் காத்திருக்கவில்லை. அடிவாரம்வரை மாட்டு வண்டியில் போனேன். ஊரில் குழந்தைகள் வரிசையாகக் கையைக் காட்டினார்கள். எல்லாக் கையும் சுத்தமாக இருந்தது. ஒரு கையில்கூட ஒரு கொப்புளம் இல்லை. அவர் சந்தோஷமாகச் சொன்னார்: "பாத்தீங்களா சாமி, ஒருத்தருக்கும் ஒண்ணும் பண்ணல."

அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். பால் வழியிலேயே செத்துவிட்டது, எனக்கு அப்போதே தெரியும், இப்போது மறுபடி குத்த வேண்டும் என்றேன். அவர் புரிந்துகொள்ள நேரம் எடுத்தது.

"அப்பவே தெரியுங்களா?" என்றார்.

"தெரியும்."

அவர் கையை நீட்டி ஒரு வீட்டைக் காட்டினார். பிறகு சொன்னார்: "அக்கா வூட்ல ரெண்டு புள்ளைங்க ஆத்தா கண்டு படுத்திருக்குதுங்க. குத்தியாச்சேன்னு எம்பொண்ணத்தான் ஒத்தாசைக்கு அனுப்பினேன். நாலஞ்சு நாளா தண்ணி மொண்டு குடுத்துக்கிட்டு அங்கதான் இருந்துச்சு."

குரலை உயர்த்தவில்லை. பெண்ணைக் கூப்பிட்டு, அதன் கையைத் தானே பிடித்து என் முன்னால் நீட்டினார். மறுபடி குத்தினேன். அது நல்ல பால்.

அதற்கடுத்த எட்டாம் நாள் போனபோது அந்தப் பெண்ணின் கையில் குத்தின இடம் நன்றாகப் பொங்கியிருந்தது. உடம்பு முழுவதும் பொங்கியிருந்தது. முகத்தில் கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தது. தாய் தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டில் பிழிந்துகொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று நாள் கழித்துப் போய்விட்டது என்று அரூர்ச் சந்தையில் சொன்னார்கள். அந்தத் தடவை மலையில் மொத்தம் எத்தனை குழந்தைகள் போயின என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

டிரைவரிடம் மட்டும் ஒரு தடவை இதைச் சொன்னேன். "நாம என்ன சார் செய்யறது, டயர் அப்படி" என்றார். நல்ல மனிதர். என்னைத் தேற்றத்தான் சொன்னார். டயரின் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

யுத்தம் முடிந்தபிறகு ஒரு தடவை மறுபடி அந்த மலைக்குப் போனேன். புது தெர்மாஸ், நிறைய ஐஸ். ஊருக்குள் நுழைகிற இடத்தில் அவர் ராகிக் கதிர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன்.

"வாங்க சாமி" என்றார், எப்போதும்போல. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நான் கடந்து போக வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வெயில் அதிகமா இருக்கு" என்றுதான் வந்தது.

"ஆமாங்க" என்றார்.